பூச்சியத்துக்கு மேலே ஆறு

இரவு இரண்டேகாலுக்கு பஸ்தியாம்பிள்ளை போன் எடுத்தார்.
"பிள்ளை, உன்ரை பெட்டிக்கு விசர்.
நில் எண்டா ஓடுது."

அரியாலை கிழக்கு. பரவைக்கடல் ஓரம்.
தகரக் கொட்டிலுக்குள் மூன்று சீமெந்துத் தொட்டி,
விரல்நுனியளவில் கடலட்டைக் குஞ்சுகள்.
தண்ணீர் குறைந்தால் மிதவை ஐந்து வோல்ற் சொல்லும்,
பம்பி ஓடவேண்டும்.
நிறைந்தால் பூச்சியம் சொல்லும், நிற்கவேண்டும்.
நான் செய்து கொடுத்த பெட்டிக்கு வேறு வேலை இல்லை.

உள்ளே இருப்பதற்குப் பாடப்புத்தகத்தில்
செயற்பாட்டு விரியலாக்கி என்று பெயர்.
வலுவான இனம்.
முதுகில் அலுமினியச் செதில், சூடேறினால் கை வைக்கேலாது.
ஆரியகுளத்தடியில் என் மேசையில்
ஒரு கிழமை பிழையே விடவில்லை.
அங்கே அதற்கு மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு.
பூச்சியம் நடுக்கடல்;
எந்தப் பக்கமும் ஆழம்.

அரியாலையில் இரண்டு லொறி பற்றரி.
தொடராகக் கட்டினால் இருபத்துநாலு.
சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று.
என் பெட்டியிலிருந்து வந்ததோ மூன்று கம்பி.
வெயில், கண்ணுக்குள் வியர்வை.
மூன்றாவதையும் கறுப்போடு சேர்த்து முறுக்கி
ரேப் சுற்றினேன்.

தரவுத்தாளின் நாலாம் பக்கத்தில்
என் ரீக் கோப்பை பதித்த வட்டத்துக்குள்
சிறிய எழுத்தில் இருந்தது:
உள்ளீடு கீழ்வழங்கலுக்கு ஆறு வோல்ற் மேலேயும்
மேல்வழங்கலுக்கு ஆறு வோல்ற் கீழேயும் நிற்கவேண்டும்.
ஆறிலிருந்து பதினெட்டு.
அதற்குள் நின்று சொன்னால் கேட்கும்.
வெளியே நின்று சொன்னால்
கேட்காது என்றுகூட இல்லை,
என்னவென்று கேட்கும் என்பது
எழுதியவருக்கும் தெரியாது.

நான் கொடுத்தது பூச்சியத்திலிருந்து ஐந்து.
முழுக்க வேலிக்கு வெளியே.
ஆனாலும் பகலில் ஓடியது.
நாலரை, நாலு, மூன்றரை.
எங்கும் எழுதாத ஒரு சலுகையை
அந்தச் சில்லு எனக்குத் தந்துகொண்டிருந்தது.
பொழுதுபட மூன்று. அதையும் பொறுத்தது.
நான் காசை வாங்கிக்கொண்டு
சைக்கிள் ஏறினேன்.

பிறகு தொட்டி நிறைந்திருக்கிறது.
இரண்டு. ஒன்று. பூச்சியம்.
அந்த இடத்தில் அது தலைகீழாக விளங்கிக்கொண்டது.
பன்னிரண்டுக்குச் செய்த மோட்டர்
இருபதில் அலறியது.
நிறைந்த தொட்டி இன்னும் நிறைய,
மிதவை இன்னும் உறுதியாகப் பூச்சியம் என்றது;
உறுதியாகச் சொல்லச் சொல்ல
ஓடியது.

நான் போனபோது
மெற்றில்டா அக்கா ரோச்சைப் பல்லில் கடித்தபடி
ஈரமணலில் குஞ்சுகளை
இடியப்பத் தட்டில் வாரிக்கொண்டிருந்தா.

"முழங்கால் தண்ணியில எஞ்சினை இறக்கினா
என்ன நடக்கும் அண்ணை?" என்றேன்,
விளக்கம் ஒன்று கைவசம் இருந்த துணிச்சலில்.

"மண்ணை அடிக்கும்.
அப்ப கரையில ஏன் கட்டினனி?"

பையில் இரண்டு தடைகள் இருந்தன.
பொய்யாக ஒரு நடுவைச் செய்யலாம்;
மோட்டரின் ஓட்டம் அதை ஒரு நொடியில் இழுத்துவிடும்.
வேறு என்ன என்று வெளிச்சத்தைத் திருப்பியபோது
இரு பற்றரிக்கும் இடையே
ஒரு சாண் இணைப்புக் கம்பி,
பச்சை பூத்த ஆணி.
மீற்றரை வைத்தேன்.
பன்னிரண்டு.
மத்தியானம் அதைத் தாண்டித் தாண்டித்தான்
வேலை செய்திருக்கிறேன்.

ரேப்பைப் பிரித்து
மூன்றாவது கம்பியை அந்த ஆணியில் முடுக்கினேன்.
இனிப் பூச்சியம் என்றால் பன்னிரண்டு.
ஐந்து என்றால் பதினேழு.
மேல்வேலிக்கு ஒரு வோல்ற் மிச்சம்.
மிதவை சொன்னது.
நின்றது.

"ஒண்டு இருக்கு அண்ணை.
மோட்டர் இனி மேல் பற்றரியில மட்டும்தான் குடிக்கும்.
சார்ஜ் தனித்தனியா ஏத்துங்கோ,
ஞாயிறு பூசை முடிய மாத்தி வையுங்கோ."

அவர் வெண்கட்டியால் ஒன்றில் மேல்,
மற்றதில் கீழ் என்று எழுதினார்.
யோசித்து,
இரண்டையும் அழித்தார்.

மெற்றில்டா அக்கா
என் பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினா:
செத்தது இருநூற்றுப் பதினொன்று.
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே என் பெயர்.